வாய் திறந்து தூங்கும் பிள்ளை

சாய்ந்தமருதில் அந்த மூத்தம்மாவை நான் சந்தித்தது 2024 இல். 1990 இல் கணவரை இழந்தவர். மகள் வெளிநாட்டில் பணிப்பெண். ஏழு வயதுப் பேரன் இவருடைய பொறுப்பில் வளர்கிறான். வகுப்பில் தூங்குகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதால் பள்ளியில் அவனுக்கு "மொக்கன்" என்று பெயர்.

"எல்லாம் பயம் மகள். அந்தக் குண்டு வெடிச்ச ராவு இவனுக்கு ரெண்டு வயசு. அண்டையிலிருந்து வாயத் திறந்துதான் தூங்குறான்" என்றார். 2019 ஏப்ரல் 26 இரவைத்தான் அவர் சொன்னார். ஊரே நடுங்கிய இரவு அது. நானும் படிவத்தில் 'உளத்தாக்கம்' என்று எழுதத் தொடங்கினேன். சமூகவியல் படித்த எங்களுக்கு இந்தச் சொல் சற்று இலகுவாகவே வந்துவிடுகிறது.

அப்போது பாயில் படுத்திருந்த பிள்ளை குறட்டை விட்டான். சில விநாடிகள் மூச்சு நின்றது. பிறகு திடுக்கிட்டு இழுத்தான். எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

மூக்கின் பின்புறம், அண்ணத்திற்கு மேலே உள்ள அடினொயிட் சதை பெருத்திருப்பதாக வைத்தியசாலையில் சொன்னார்கள். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள சதைதான். சிறு வயதில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கிவிடும். வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. அளவுக்கு மீறிப் பெருத்தால் மூக்கு வழி அடைபட்டு, பிள்ளை வாயால் மூச்சு விடும். மூக்கிலிருந்து காதுக்குச் செல்லும் குழாயும் அடைபட்டால் நடுக்காதில் நீர் தேங்கிக் கேள்வி குறையும். இரவுத் தூக்கம் முறிவதால் பகலில் கவனம் இராது. சில பிள்ளைகள் படுக்கையிலேயே சிறுநீர் கழிக்கும். மந்தமாகத் தோன்றும் பிள்ளைகளிடம் இந்தச் சதையைக் கண்டு, டென்மார்க் வைத்தியர் வில்ஹெல்ம் மேயர் 1868 இலேயே எழுதிவைத்தார். அதன் பின்னும் நாம் பிள்ளையைத்தான் ஏசுகிறோம்.

பயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு, மூக்கடைப்பு வேறு.

சகோதரிகளே, எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இந்தச் சதையல்ல. தூசும் புகையும் ஒவ்வாமல் மூக்கின் உட்புறம் வீங்குவதும் உண்டு. அடுப்படியில் பொச்சு எரிகிறது, படுக்கும் அறையில் நுளம்புத்திரி புகைகிறது. மருதமுனைப் பக்கம் தறி உள்ள வீடுகளில் நூல் தூசும் சேரும். திரிக்குப் பதிலாக நுளம்பு வலை கட்டுங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தால், பிள்ளை மணியோ புளியங்கொட்டையோ உள்ளே போட்டிருக்கலாம். நீங்கள் தோண்டாதீர்கள், வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மூக்கில் எண்ணெய் விடவும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகலாம். வாயை ஒட்டி மூடும் விளையாட்டும் வேண்டாம். இரவு தோறும் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்றால் தாமதிக்காதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் வேண்டியதில்லை.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. சிலருக்கு மூக்குக்கு விசிறும் மருந்தே போதும். இவனுக்குத் தேவைப்பட்டது. சில வாரங்கள் கழித்துப் போனபோது மூத்தம்மா குறைப்பட்டுக்கொண்டார்:

"இப்ப மெல்லமாப் பேசினாலும் இவனுக்குக் கேக்குது மகள். வீட்டுக்குள்ள ஒரு ரகசியம் பேச ஏலாமப் போச்சு."