தீவும் படப்பெட்டியும் – 9: அபர்டீன் சண்டைக்குப் படம் இல்லை

1859 மே 17 அன்று போர்ட் பிளேரின் அபர்டீன் பகுதியில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றத்தை அந்தமான் பழங்குடியினர் வில்லும் அம்புமாகத் தாக்கினர். தப்பியோடி அவர்களோடு ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்த கைதி தூத்நாத் திவாரி திரும்பி வந்து முன்கூட்டியே சொல்லிவிட்டதால், கண்காணிப்பாளர் வாக்கர் விழிப்பாக இருந்தார். கடலில் நின்ற சார்லட் கப்பலிலிருந்து சுட்டார்கள். அப்படியும் அரைமணி நேரம் குடியேற்றம் பழங்குடியினர் கையில்தான் இருந்தது.

அந்தச் சண்டைக்குப் படம் இல்லை. அன்றைய கருவியால் எடுத்திருக்கவும் முடியாது. கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. ஓடுகிற ஆள் தட்டில் புகையாகக் கரைந்துபோவார். அதனால் போர்ப் படம் என்பதே போர் ஓய்ந்தபின் எடுக்கும் படமாகத்தான் தொடங்கியது. 1857 நவம்பரில் லக்னோ சிக்கந்தர் பாகில் கிளர்ச்சி செய்த சுமார் 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். புகைப்படக்காரர் ஃபெலிஸ் பியாட்டோ அங்கே படமெடுத்தது 1858-இல். அதில் முற்றமெங்கும் கிடக்கும் எலும்புகள் படத்துக்காகவே பரப்பப்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதே 1858 மார்ச்சில்தான் 200 கைதிகளோடு வாக்கர் அந்தமானில் வந்திறங்கினார்.

அபர்டீன் சண்டையை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் மாரிஸ் விடல் போர்ட்மன். 1879-இல் தீவுக்கு வந்து பழங்குடியினருக்குப் பொறுப்பதிகாரியாக இருந்தவர். அவருடைய வரலாற்று நூல் 1899-இல் வெளியானது. படமெடுப்பது அவர் தொழில் அல்ல. ஆனாலும் 1890-களில் அம்பு எய்வது, வாய்ச்சி செய்வது போன்ற செயல்களைக் கட்டம் கட்டமாகச் செய்துகாட்டச் சொல்லிப் பெரிய தட்டுகளில் பதிவு செய்தார். வில்லை இழுத்தவர் இழுத்தபடியே நிற்கிறார். எதிரே இலக்கும் இல்லை, எதிரியும் இல்லை. நடித்துக் காட்டுவதைப் படமாக்கும் வேலை இந்தத் தீவில் அப்போதே நடந்திருக்கிறது. ஆளை அளப்பதற்காக எடுத்த படங்களில் பின்னால் இரண்டு அங்குலக் கட்டங்கள் போட்ட திரை தொங்கும். மனிதரை அளவுகோலில் நிறுத்துவது கொடுமைதான். ஆனால் இது ஏற்பாடு செய்த காட்சி என்பதை அந்தத் திரை ஒளிக்கவில்லை. பியாட்டோவின் முற்றத்தில் அந்த நேர்மை இல்லை.

பழைய போர்களை நடித்துக் காட்டும் போர்நடிப்பு இன்று ஐரோப்பாவில் பெரிய விழா. 2015-இல் வாட்டர்லூ போரின் 200-ஆம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் பழைய சீருடையில் அணிவகுத்தார்கள். தமிழ் வாசகருக்குப் பக்கத்தில் இருப்பது படுகளம். அது வரலாறு அல்ல, பாரதக் கதை. ஆனால் படமெடுப்பவருக்குச் சிக்கல்கள் அதேதான். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் விழாவின் கடைசியில், மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிக் கூத்தாடும் பீமனும் துரியோதனனும் வெயிலில் ஓடுவார்கள். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் சூரியனைத் திருப்பியடிக்கும். கேமரா அந்த மினுக்கத்தை நம்பி அளவிட்டால் அரிதாரம் பூசிய முகம் இருண்டுபோகும். முகத்துக்கு வெளிச்சம் அளந்து, சில்லுகள் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விடுவதே மேல். கதாயுதத்தை ஓங்கிய கையை உறைய வைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஓட்டம் தெரிய வேண்டுமென்றால் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கி, ஆளோடு சேர்ந்து கேமராவையும் திருப்ப வேண்டும். பத்தில் எட்டு வீணாகும். டிஜிட்டலில் அது செலவில்லை.

அந்தமானில் இருக்கும் அமெச்சூருக்கு இப்படியொரு களம் வருஷத்துக்கு ஒருநாள்கூடக் கிடைக்காமல் போகலாம். கை பழகுவதற்குப் போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் உள்ள சிப்பிகாட் நல்ல இடம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் வயல்களில் கடல்நீர் ஏறி நின்றுவிட்டது. நெல் விளைந்த இடத்தில் இப்போது கொக்குகள். மேயும் கொக்கு சட்டென்று எழும் கணத்தைப் பிடிக்கப் பழகியவர் ஓங்கிய வாளையும் தவற விடமாட்டார். இங்கே பொழுது முந்தி விடிந்து முந்திச் சாயும். மாலை ஐந்துக்கே வெளிச்சம் இறங்கத் தொடங்கும். அபர்டீன் சண்டை நாள் வரும் மே மாதத்தின் நடுவில் பருவமழையும் எட்டிப் பார்க்கும் என்பதால் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருப்பது நல்லது.

உண்மையான வில்லாளிகளைத் தேடி ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் கேமராவோடு போகும் எண்ணமே கூடாது. 1956 பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 2012 திருத்தப்படி அவர்களைப் படமெடுப்பது சிறைக்குரிய குற்றம். போர்ட்மன் தாராளமாகச் செய்ததைச் சட்டம் இன்று தடுத்திருக்கிறது, தடுத்தது சரியே.

போர்நடிப்பைப் படமெடுக்கிற அமெச்சூர்கள் பலரும் சட்டகத்தில் விழும் மின்கம்பி, தண்ணீர் பாட்டில், நடிகரின் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் துடைத்தெடுக்கப் பார்ப்பார்கள். நெருங்கி எடுத்த முகத்துக்கு அது சரி. ஆனால் களம் முழுவதும் தெரியும் ஒரு படத்திலாவது வேடிக்கை பார்க்கும் கூட்டமும் கயிற்று வேலியும் இருந்தாக வேண்டும்; போர்ட்மன் திரையின் கட்டங்கள் செய்த வேலையை அவை செய்யும். படத்தின் கீழே எழுதும் வரியில் முதலில் வர வேண்டியது நடித்த நாளும் ஊரும்; போர் நடந்த ஆண்டு அதற்கு அடுத்து.