உறுதி மட்டும் போதுமா?

மிதிவண்டியின் டியூப் பஞ்சரானால் ஒட்டுப் போடுகிறோம். ஒட்ட முடியாமற் போனால் புது டியூப் மாற்றுகிறோம். மிதிவண்டியையே யாரும் தூக்கி எறிவதில்லை. மடிக்கணினிக்கும் இது பொருந்துமா?

முதலில் மடிக்கணினியை உறுதியாக்கும் வழியைப் பார்ப்போம். செருகி வைத்த உறுப்பு, கருவி கீழே விழும் அதிர்ச்சியில் இடம் பெயரலாம். பற்றாசு வைத்து இணைத்துவிட்டால் அசையாது. திருகாணிக்குப் பதில் பசையிட்டால் இடமும் மிச்சம், கருவி மெலிதாகும். 2012 ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ரெட்டினா மேக்புக் ப்ரோ இதற்கு எடுத்துக்காட்டு. அதன் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. மின்கலம் அலுமினிய உடலோடு ஒட்டப்பட்டிருந்தது.

இதில் தொல்லை என்ன? உடலைப் போல மின்கலத்தை உறுதியாக்க முடியாது. லித்தியம் அயனி மின்கலத்தை மின்னேற்றும்போது அயனிகள் கிராஃபைட் மின்முனைக்குச் செல்கின்றன. அவற்றுள் மிகச் சிறு பகுதி பக்க வினைகளில் சிக்கி, அம்முனையின்மேல் படலமாகப் படிந்துவிடுகிறது. ஒரு முறைக்கு 10,000-இல் 4 பங்கு வீணாவதாகக் கொள்வோம். 500 முறைக்குப் பின் இழப்பு எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! இரும்பு உறை போட்டாலும் இவ்வினை நிற்காது.

உடல் 10 ஆண்டும் மின்கலம் 4 ஆண்டும் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்கலத்தை மாற்ற முடிந்தால் கருவியின் ஆயுள் 10 ஆண்டு. முடியாவிட்டால் 4 ஆண்டுதான். ஒட்டிய மின்கலத்தை நெம்பி எடுக்க முயன்றால், உறை கிழிந்து தீப்பற்றவும் கூடும்.

2022 இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகள் 2024 இல் வெளியிட்ட அறிக்கை. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதமே. செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிக்கும் இடங்களில், நச்சுப்புகை அங்கு வேலை செய்வோரின் நுரையீரலில் சேர்கிறது.

அப்படியானால் உறுதி வேண்டாமா? வேண்டும். தேயாத உறுப்பு கெட்டியாக இருக்கட்டும்; தேயும் உறுப்பு கழற்றத்தக்கதாக இருக்கட்டும். 2021 இல் வெளிவந்த ஃபிரேம்வொர்க் மடிக்கணினியில் மின்கலம், நினைவகம் முதலியவற்றை ஒரே திருப்புளியைக் கொண்டு நாமே மாற்றலாம். கையடக்கக் கருவிகளின் மின்கலம் பயன்படுத்துவோரே கழற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என 2023 இல் ஐரோப்பிய ஒன்றியமும் சட்டம் இயற்றியது.

ஆகவே மடிக்கணினி வாங்கும்போது, "எவ்வளவு மெலிது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மின்கலத்தை எளிதில் மாற்ற முடியுமா?" என்றும் கேளுங்கள்.