நீரிழிவு உள்ள வீட்டில் மைக்ரோவேவ் பிஸ்கட்

“வெறும் வயிற்றில்தான் வந்திருக்கிறேன் டாக்டர், டீயும் இரண்டு பிஸ்கட்டும் மட்டும்தான்.” இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்காகக் காலையில் வரிசையில் நிற்பவர்களிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. செங்கல்பட்டு நகரத்திலிருந்து வருபவரும் இதைச் சொல்கிறார். விடியுமுன் கடலுக்குச் சென்று திரும்பும் மாமல்லபுரத்து மீனவரும் இதையே சொல்கிறார். பிஸ்கட்டை நம்மவர் உணவாகக் கணக்கில் வைப்பதே இல்லை. நோயாளியைப் பார்க்க வருபவர் கையில் கொண்டுவருவதும் பெரும்பாலும் பிஸ்கட் பொட்டலந்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவுகள் 2023-இல் வெளிவந்தபோது, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இத்தனை வீடுகளிலும் பிஸ்கட்டை அடியோடு விலக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை நாங்கள் அறிவோம். ஆகவேதான் சில இல்லத்தரசிகள் கேட்கும் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: “பேக்கரி அடுப்பு எங்களிடம் இல்லை, மகன் வாங்கித் தந்த மைக்ரோவேவ் இருக்கிறது. அதிலேயே வீட்டில் பிஸ்கட் செய்து கொடுக்கலாமா?” செய்யலாம். ஆனால் அந்த அடுப்பு வேலை செய்யும் விதத்தை அறிந்துகொண்டு செய்ய வேண்டும்.

பேக்கரி அடுப்பில் முதலில் சூடாவது காற்றும் தட்டும். அவை பிஸ்கட்டின் மேற்பரப்பை உலர்த்தி, 140 பாகைக்கு மேல் சூடேற்றுகின்றன. பொன்னிறமும் மணமும் அந்த வெப்பத்தில் பிறப்பவை. மைக்ரோவேவில் உள்ளே இருக்கும் காற்று சூடாவதில்லை. 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பாயும் அலைகள் மாவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து, உணவையே சூடாக்குகின்றன. நீர் ஆவியாகும்வரை வெப்பம் ஏறக்குறைய 100 பாகையிலேயே நிற்பதால் மேற்பரப்பு சிவப்பதில்லை. எனவே மைக்ரோவேவ் பிஸ்கட் வெளிறித்தான் இருக்கும். சிவக்கட்டும் என்று கூடுதல் நேரம் வைப்பவர்கள், வெளியே வெளுத்து நடுவில் கருகிய பிஸ்கட்டைத்தான் எடுக்கிறார்கள். நீர் வற்றிய பிறகு வெப்பம் சில நொடிகளில் ஏறிவிடுவதே காரணம். ‘கன்வெக்ஷன்’ வசதியுள்ள இயந்திரம் வேறு வகை. அதை அந்த நிலையில் வைத்தால் அது பேக்கரி அடுப்பைப் போலவே இயங்கும். (இந்த அலைகள் உணவில் கதிர்வீச்சைத் தங்கவைக்கும் என்ற அச்சம் வேண்டாம். கதவு சரியாக மூடாத இயந்திரத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.)

நாங்கள் பரிந்துரைக்கும் முறை எளியது. கோதுமை மாவு 60 கிராம், கேழ்வரகு மாவு 60 கிராம் எடுத்து, வாணலியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். அடுப்பு தராத மணத்தை இந்த வறுவல் தந்துவிடும். அதனுடன் நெய் 40 கிராம், பொடித்த சர்க்கரை 30 கிராம், ஏலக்காய்த் தூள் சேர்த்துப் பிசறி, பால் ஓரிரு மேசைக்கரண்டி மட்டும் தெளித்துப் பிசையுங்கள். பால் கூடினால் பிஸ்கட் ரொட்டியாகிவிடும். 12 உருண்டைகளாக்கி, அரை விரற்கடை கனத்தில் தட்டி, முட்கரண்டியால் குத்துங்கள். கண்ணாடித் தட்டில் ஆறு பிஸ்கட்டுகளை வட்டமாக அடுக்கி, நடுவை வெறுமையாக விடுங்கள். நடுத்தர வெப்ப அளவில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, பிறகு அரை அரை நிமிடமாகக் கூட்டுங்கள். பெரும்பாலும் இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். எடுக்கும்போது மென்மையாகவே இருக்கும். ஆறியதும் இறுகும். சூட்டில் தொட்டுப் பார்த்து வேகவில்லை என்று மீண்டும் உள்ளே வைத்தால், ஆறிய பிறகு பல் உடையும்.

சோடா மாவைச் சேர்க்கச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் கூறும் வரம்பு 2,000 மில்லிகிராம். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. நெய்க்குப் பதிலாக வனஸ்பதியும் வேண்டாம். எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் விதி உள்ளது. ஆயினும் அதை வீட்டுக்குள் வரவழைக்கத் தேவையே இல்லை.

இனி, கணக்கு. மேற்சொன்ன அளவில் ஒரு பிஸ்கட்டில் ஏறத்தாழ 9 கிராம் மாவுச்சத்தும் 70 கலோரிக்குச் சற்று மேலும் இருக்கும். இரண்டு சாப்பிட்டால் மாவுச்சத்து 18 கிராம். வீட்டில் செய்தது, கேழ்வரகு சேர்த்தது என்பதால் இந்த எண் மறைந்துவிடாது. சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ சேர்த்தாலும் இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்; இதை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுப்பவர்கள் உண்டு. கடையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்பதிலும் மைதா மாவு இருக்கக்கூடும். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். வீட்டுப் பிஸ்கட்டால் கிடைக்கும் உண்மையான ஆதாயம், உள்ளே என்ன இருக்கிறது என்பதும், எத்தனை சாப்பிட்டோம் என்பதும் நமக்குத் தெரிகிறது என்பதே.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் குடும்பத்தார் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இரவில் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது பிஸ்கட் முதல் மருந்தாகாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நோயாளி விழிப்புடன் விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். குறைவாகவே இருந்தால் திரும்பவும் கொடுங்கள். அளவு ஏறிய பிறகே பிஸ்கட். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் பயன் தராது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். அதை வீட்டில் எப்போதும் வைத்திருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கேழ்வரகிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உணவியல் ஆலோசகரிடம் கேட்டுச் செய்யுங்கள். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு, உதிரும் பிஸ்கட் மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்து உண்டு. டீயில் நனைத்துக் கொடுப்பதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள்.

மற்றொன்று, விரல்களில் உணர்ச்சி குன்றியவர்கள் தட்டை வெறுங்கையால் எடுக்கக்கூடாது. அடுப்பின் உட்புறம் குளிர்ந்திருந்தாலும் நெய்யும் சர்க்கரையும் தட்டைக் கொதிக்க வைத்திருக்கும். நரம்பு பாதித்த கைக்குச் சூடு தெரிவதற்குள் கொப்புளம் எழுந்துவிடும்; நீரிழிவில் அந்தப் புண் ஆறுவதும் தாமதமாகும். பிடிதுணி கட்டாயம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களையும், பொன் விளிம்பிட்ட பீங்கானையும், உணவகத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் டப்பாக்களையும் உள்ளே வைக்காதீர்கள்.

பிஸ்கட் என்ற சொல்லுக்கே ‘இருமுறை சுட்டது’ என்று பொருள். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களைப் போன்ற கடலோடிகள், மாதக்கணக்கான பயணத்துக்கு நீர் வற்றச் சுட்ட கெட்டிப் பிஸ்கட்டையே நம்பியிருந்தனர். அதே கடற்கரையில், கோவளம் முதல் கல்பாக்கம் வரை, இன்று வீட்டுப் பிஸ்கட் ஒரே மாலையில் நமத்துப்போகிறது. ஈர உப்புக்காற்றுதான் காரணம். நன்றாக ஆறிய பிறகே இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டு, ஐந்து நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். நமத்துப்போனதைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, 20 நொடி மைக்ரோவேவில் வைத்து ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுப்பாகும். பூஞ்சை மணம் வந்ததை மட்டும் தூக்கி எறிந்துவிடுங்கள்.