அநைகாந்திகம்

ஏதுப்போலி அசித்தம், விருத்தம், அநைகாந்திகம் என மூவகைப்படும். இவற்றின் விரி 21 எனச் சிவஞான சித்தியார் அளவையியல் கூறும். இவற்றுள் கற்பார்க்கு மயக்கந் தருவது அநைகாந்திகமே.

குன்னூர்ச் சரிவில் எழும் வெண்பனியைப் புகையென மயங்கி, ஆண்டுத் தீயுண்டு என்றால் ஏதுவே இல்லை, அஃது அசித்தம். ஓசை நித்தம், செய்யப்படுதலின் என்றால் ஏது மறுதலையையே சாதிக்கும், அது விருத்தம். இனி, சரிவில் தீயைக் கண்ணாற் கண்டு, தீயுண்மையிற் புகையும் உண்டு என்பானை நோக்குக. ஏது மெய்யே. ஆயினும் அடுக்களையாகிய சபக்கத்திலும், புகையின்றிப் பழுக்கக் காய்ந்த இரும்பாகிய விபக்கத்திலும் தீ ஒப்பக் காணப்படும். ஒரு முடிபின்கண் நில்லாமையின் இஃது அநைகாந்திகம்.

இவ்வேது சாதிப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. எதிரியின் ஏது அநைகாந்திகமெனக் காட்டியவளவில் அவன் கொள்கையே பொய்யாயிற்றென ஆர்ப்பரிப்பார் நம்மவருள்ளும் உளர். அது பிழை.

நீலகிரித் தோடர் வரலாற்றில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டுண்டு. மூக்கும் தாடியும் புத்துக்குளிப் போர்வையுங் கண்டு, 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் சிலர் அவரை ரோமரோடும் யூதரோடும் உறவுபடுத்தினர். கிரேக்க இளவரசர் பீட்டர், சடங்கிலே வழங்கும் தெய்வப் பெயர் சில சுமேரியப் பெயர்களை ஒத்தலின், சுமேரியத் தொடர்பு இருக்கலாமென 1951-இல் எழுதினார். உருவொப்பும் ஒலியொப்பும் உறவுடையாரிடத்தும் உண்டு. உறவில்லாரிடத்துத் தற்செயலாகவும் உண்டு. ஆகலின் அவை துணியா. எனினும் இதுகொண்டே சுமேரியத் தொடர்பு இல்லையெனலும் ஆகாது.

1935 முதல் 1938 வரை நீலகிரியில் மொழியாய்ந்த எமனோ வேறு நெறி கண்டார். தமிழில் ஆகாரம் நிற்குமிடத்துத் தோடர் மொழியில் ஓகாரம் நிற்றல் பெருவழக்கு. நம் கால் அவர்க்குக் கோல். இத்தகைய ஒழுங்கு சொல்தோறும் தொடர்தல் தற்செயலாகாமையின், விபக்கத்தில் இவ்வேதுவிற்கு இடமில்லை. தோடர்மொழி திராவிட மொழியென்பது இதனாற் பெறப்பட்டது.

அற்றேல், அம்மொழி பேசுதலின் அவர் குருதியும் அவ்வினத்ததே எனலாமோவெனின், ஆகாது. ஆங்கிலமே தாய்மொழியாகப் பெற்ற அயர்லாந்தினர் பலர் ஆங்கிலர் வழியினரல்லர். மொழிக்குத் துணிபாய் நின்ற அவ்வேதுவே குலத்திற்கு அநைகாந்திகமாயொழிதல் காண்க.