பயிர் வளர்வதைப் படம் பிடிக்க... பழைய கேமராவே போதும்!

சென்னை-திருப்பதி நெடுஞ்சாலையில் திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்பாக வருகிறது கனகம்மாசத்திரம். நெல், நிலக்கடலை என்று விளையும் இந்தப் பகுதி விவசாயிகளிடம் சில கேள்விகள் எப்போதும் இருக்கும். பாய்ச்சிய தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது? கடலைச்செடி பகலில் எப்போது வாடத் தொடங்குகிறது? மயில் எந்த நேரத்தில் காட்டுக்குள் இறங்குகிறது?

இதற்காக நாள் முழுக்க வரப்பில் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த வேலையை ஒரு பழைய கேமரா செய்யும். குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே படம் எடுக்கவைத்து, பிறகு அவற்றை வரிசையாக ஓடவிட்டால் பல மணி நேர மாற்றம் அரை நிமிடத்தில் கண்முன் வரும். இதைத்தான் ‘டைம்லாப்ஸ்’ என்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைக் காட்டும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதல்ல. செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ‘கிரெஸ்கோகிராஃப்’ கருவியை உருவாக்கியவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

முதலில் கணக்கு!

கேமரா வாங்கும் முன்பு, எதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 12 மணி நேரத்தில் 720 படங்கள். விநாடிக்கு 24 படம் வீதம் ஓட்டினால் 30 விநாடி வீடியோ. நெல் பூ பெரும்பாலும் காலை 9 மணிக்கு மேல் திறந்து, சிறிது நேரத்திலேயே மூடிக்கொள்ளும். அதைப் பார்க்க இந்த இடைவெளி சரியானது. பூ திறந்திருக்கும் நேரம் தெரிந்தால், அப்போது மருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம்.

நடவிலிருந்து அறுவடை வரை பார்க்க, பகலில் மணிக்கு ஒரு படம் போதும். நாளுக்கு 12 வீதம் 110 நாளில் 1,320 படங்கள். 55 விநாடி வீடியோ. ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ நெல்லுக்கு நீர் கொடுப்பவர்கள், வயலில் பதித்த நீர்மட்டக் குழாய்க்குள் அளவு குறித்த மிதவைக் குச்சியை விட்டு, அதை நோக்கிக் கேமராவை வைக்கலாம். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ இறங்க எத்தனை நாள் ஆனது என்று படமே சொல்லிவிடும். மோட்டார் எப்போது போட வேண்டும் என்ற குழப்பம் தீரும்.

எந்தக் கேமரா?

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன்தான் முதல் தேர்வு. ‘ஓபன் கேமரா’ என்ற இலவச செயலியில் இடைவெளி விட்டுப் படமெடுக்கும் வசதி உண்டு. முதலில் இதில் பழகிவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் கேமரா வாங்கலாம்.

அடுத்தது, கேனான் பவர்ஷாட் ஏ480, ஏ495, ஏ800, ஏ1200 போன்ற சிறிய கேமராக்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென் பேட்டரி இரண்டு போதும். இவற்றில் இடைவெளி வசதி கிடையாது. ஆனால், ‘சி.ஹெச்.டி.கே’ என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றினால் அது கிடைத்துவிடும். கார்டை எடுத்தால் கேமரா பழையபடி ஆகிவிடும். இது கேனான் நிறுவனம் கொடுப்பதல்ல. அதனால் மாடலுக்கும், கேமராவின் உள்மென்பொருள் எண்ணுக்கும் பொருந்தும் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பெரிய லென்ஸ் கேமராக்களில் நிக்கான் டி5100-ல் இடைவெளி வசதி மெனுவிலேயே இருக்கிறது. கேனான் 600டி-க்குத் தனியாக டைமர் ரிமோட் வாங்கிச் செருக வேண்டும். இவற்றின் ஷட்டருக்கு ஆயுள் உண்டு. டி5100 ஒரு லட்சம் படம் வரை சோதிக்கப்பட்டது. தினமும் 720 படம் எடுத்தால் அது சுமார் 139 நாள் கணக்குத்தான். எனவே, ஏற்கெனவே எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேட்பது அவசியம். நிக்கான் கேமராவில் எடுத்த படத்தின் விவரக்குறிப்பிலேயே அந்த எண்ணிக்கை பதிவாகியிருக்கும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெரு, பர்மா பஜார் என எங்கே போனாலும் பேட்டரியும் 16 ஜி.பி. கார்டும் கையோடு இருக்கட்டும். பழைய கேமராக்கள் பல, 32 ஜி.பி-க்கு மேற்பட்ட கார்டை ஏற்காது.

* பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு, துரு இருந்தால் வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.
* லென்ஸை ஐந்தாறு முறை திறந்து மூட வேண்டும். ‘கரகர’ சத்தம் வந்தால் உள்ளே மணல்.
* டார்ச் வெளிச்சத்தில் லென்ஸைப் பார்க்க வேண்டும். சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சணம்.
* வெளிச்சம், கவனம், நிறம் ஆகியவற்றைக் கையால் நிலைநிறுத்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தானியங்கியாக விட்டால் வீடியோ விட்டுவிட்டு மின்னும்.
* பழைய பில்லைக் கேட்டு, வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். திருட்டுப் பொருள் பிறகு தலைவலி.
* பணம் கொடுக்கும் முன், 15 நிமிடம் தொடர்ந்து படம் எடுக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். பருவத்தின் நடுவில் கேமரா நின்றுவிட்டால் பணம் மட்டுமல்ல, அந்தப் பட்டத்தின் பதிவும் போய்விடும். அடுத்த பட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வயலில் வைக்கும்போது

வடகிழக்குப் பருவமழைக்குத் தாங்கும்படி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கண்ணாடி ஜன்னல் வைத்து, அசையாத கல்தூணில் கட்ட வேண்டும். வடக்கு நோக்கி வைத்தால் காலை, மாலை வெயில் நேராக லென்ஸில் விழுவது குறையும். சோலார் விளக்கின் 12 வோல்ட் பேட்டரியை நேரடியாக இணைத்தால் கேமரா புகைந்துவிடும். வோல்டேஜ் குறைக்கும் கருவி மூலமே இணைக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

எத்தனை மெகாபிக்சல் இருக்க வேண்டும்?

முழு ஹெச்.டி. வீடியோவின் ஒரு படத்துக்கு 2 மெகாபிக்சலே போதும். 5 மெகாபிக்சல் கேமராவே தாராளம். ‘அதிக மெகாபிக்சல்’ என்று கடைக்காரர் சொல்வதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இரவில் வரும் காட்டுப்பன்றியைப் பிடிக்குமா?

சாதாரண கேமராவில் இருட்டுதான் தெரியும். அகச்சிவப்பு ஒளியும், அசைவை உணரும் வசதியும் கொண்ட டிரெயில் கேமரா வேண்டும். பெரும்பாலானவற்றில் டைம்லாப்ஸ் வசதியும் உண்டு. பழைய கேமராவின் விலை இதன் விலையை நெருங்கினால், புதிய டிரெயில் கேமராவே லாபம்.

படங்களை வீடியோவாக்குவது எப்படி?

கணினியில் ‘ஓபன்ஷாட்’ என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால், மூலப் படங்களை அழித்துவிட வேண்டாம். தேதியும் நேரமும் சொல்லும் சாட்சி அவைதான்.