துளசிதாஸ் பலராம்: ஓர் உதைபந்தாட்ட வீரரின் உயர்வும் தனிமையும்

உதைபந்தாட்டம் உடலுக்கு உரமூட்டுவது என்பதை யாவரும் அறிவர். ஆயின், ஓர் ஆட்டக்காரனின் திறமை எங்ஙனம் உருவாகின்றது, ஆட்டம் ஓய்ந்தபின் அவன் நிலை யாது என்பனவற்றை எண்ணிப்பார்ப்போர் சிலரே. மாலை வேளைகளிற் பாலையூற்று வெளிகளிலே பந்தின் பின்னோடும் எம் சிறுவரை மனத்திற்கொண்டு, பலராமின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பலராம் 1936 ஆம் ஆண்டில், செக்கந்தராபாத்தை அடுத்த அம்முகூடா என்னும் ஊரிலே, வறிய தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தார். ஐதராபாத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் சையத் அப்துல் றகீம் அவருடைய ஆற்றலை இளமையிலேயே கண்டுகொண்டார். பயிற்சிக்கு வர வாடகை மிதிவண்டிக்கும் அவர் கையிற் காசில்லை என்பதறிந்து, அக்கூலியையும் றகீமே உதவினார் என்பர்.

அக்காலத்து அணியில் முன்வரிசையில் ஐவர் நிற்பர். ஓரங்களில் நிற்கும் இருவரும் விரைந்தோடிப் பந்தை நடுவிற்கு அனுப்புவர். உள்ளணியினர் இருவர் பின்னிருந்து பந்தைப் பெற்று வழிசமைப்பர். நடுவில் நிற்பவர் கோல் அடிக்க முயல்வர். இவை வெவ்வேறு திறன்களை வேண்டுவன. பலராமோ இடது ஓரம், இடது உள்ளணி, நடு ஆகிய மூன்றிடத்தும் ஆட வல்லவர். இதுவே அவர்தம் தனிச்சிறப்பு.

1956 இல் மெல்போர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்பெற்ற இந்திய அணியில் அவரும் ஒருவர். 1957 இற் கல்கத்தாவின் ஈஸ்ற் பெங்கால் கழகத்திற் சேர்ந்தார். 1960 இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் வலிமைமிக்க ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். அப்போட்டியில் இந்தியா 2–1 எனவே தோற்றது. 1961 இல் அவர் தலைமையில் ஈஸ்ற் பெங்கால் கல்கத்தா லீக்கை வென்றது. 1962 இல் யகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் தாய்லாந்து, யப்பான் அணிகளுக்கு எதிராகக் கோல்கள் அடித்தார். அரசியற் காரணங்களாற் கூட்டம் எள்ளிக் கூச்சலிட்ட இறுதியாட்டத்திலே, இந்தியா தென் கொரியாவை 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அருச்சுனா விருதும் பலராமை நாடி வந்தது.

அடுத்த ஆண்டே நுரையீரல் நோய் அவரை ஆட்டத்தினின்றும் விலக்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழளவே! முன்வரிசைத் தோழரான பி. கே. பானர்ஜியும் சுனி கோசுவாமியும் பிற்காலத்திற் பத்மசிறீ பெற்றனர். பலராமுக்கு அது கிட்டவில்லை. தாம் புகழீட்டித் தந்த கழகத்தின்மீதும் மனக்கசப்புற்று ஒதுங்கி வாழ்ந்த அவர், 2023 பெப்ரவரி 16 இற் கல்கத்தாவில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, கால்களின் வேகம் சில்லாண்டுகளே நிற்பது. நோயோ காயமோ ஒரே நாளில் அதனைக் கவர்ந்துவிடலாம். ஆதலின் ஆட்டத்தோடு கல்வியையும் ஒரு தொழிலையும் கைவிடாது பேணுக. பழைய மாணவர்களுக்கும் ஒரு கடன் உண்டு. வெற்றி நாளில் மாலையிடுதல் எளிது. றகீம் செய்ததுபோல வறிய சிறுவனுக்கு வழிச்செலவு கொடுத்தலும், ஆட்டம் ஓய்ந்தவனை நாடிச் சென்று நலம் வினவுதலுமே அரியன. அவ்விரண்டையுஞ் செய்யும் சமூகமே வீரரைப் பெறுந் தகுதியுடையது.