உங்களுக்குத் தெரியுமா? ஒரே சேமிப்பு, வெவ்வேறு சலுகை!

பழைய வருமான வரி முறையில், 80சி பிரிவின்படி பி.எஃப்., ஆயுள் காப்பீடு போன்றவற்றில் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை போட்டால், அத்தொகை வருமானத்திலிருந்து கழிக்கப்படும். வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், பலன் ஒன்றல்ல. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் என்றால், 30 சதவீத அடுக்கில் 45,000 ரூபாய் மிச்சம். 8 லட்சம் என்றால், 20 சதவீதக் கணக்கில் 30,000தான் (செஸ் நீங்கலாக). 5 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 87ஏ தள்ளுபடியால் வரியே இல்லை; எனவே, சேமித்ததற்கென்று தனிச் சலுகை எதுவும் அவருக்குக் கிடைப்பதில்லை.

‘அதிக வரி கட்டுபவருக்கு அதிகம் மிச்சமாவது இயல்புதானே?’ என்று கேட்கலாம். சம்பாதிப்பதற்கு ஆகும் செலவைக் கழிக்கும்போது அந்த வாதம் சரி. ஆனால், 80சி சேமிப்பை ஊக்குவிக்க வந்தது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேமிப்பவருக்குத்தான் ஊக்கம் கூடுதலாகத் தேவை. ‘வேறு வழி நடைமுறைக்கு ஒத்துவராது’ என்பதும் பொருந்தாது. முன்பு இருந்த 88ஆவது பிரிவு, சேமிப்பில் ஒரு பங்கை வரியிலிருந்தே நேரடியாகக் குறைத்தது. 2002 பட்ஜெட்டில் அது மாற்றப்பட்டபோது, 1.5 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 20 சதவீதம், 5 லட்சம் வரை 15 சதவீதம், அதற்கு மேல் எதுவுமில்லை என்றானது. 2005 பட்ஜெட் அதை நீக்கி 80சியைக் கொண்டுவந்தது. சலுகையின் திசையே தலைகீழானது. புதிய வரிமுறையில் 80சி கிடையாது என்பது உண்மை. ஆனால், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களிடையே இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே தொடர்கிறது. சேமிப்புக்குச் சலுகை தருவதென்றால், வருமானத்தில் கழிப்பதைவிட வரியில் கழிப்பதே நியாயம்.